முதலில் கயிறு, பிறகு மவுண்ட்

 

"ஸ்கோப் பூட்டினால் நூறு மீற்றருக்கு அடிக்கும்."

போன பெரும்போகத்தில் எங்கள் காதில் அதிகம் விழுந்த வசனம் இதுதான். தேத்தண்ணிக் கடையில் கேட்டோம். பள்ளிவாசல் முன்றலில் கேட்டோம். வட்ஸ்அப் குழுவில் கேட்டோம். கடைசியில் எங்கள் வகுப்பறையிலும் கேட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பி, "சேர், எங்கட வாப்பாட துவக்கு நூறு மீற்றர் போகும்" என்றது.

அந்த வசனம் பொய் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கணக்கும் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் வாப்பா ஒரு கமக்காரர். நல்ல மனிதர். 1990 ஒக்டோபரில் பெற்றோரோடு வெறுங்கையாய்ப் புத்தளம் போய், முகாமில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து, காடு மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி நாலு தென்னையும் கொஞ்ச வயலும் வைத்திருப்பவர். குரும்பையைக் குரங்கு விடுவதில்லை. வயலைப் பன்றி விடுவதில்லை. எயார் ரைபிள் ஒன்று கைக்கு வந்தது. அதற்கு ஒரு பெரிய ஸ்கோப்பும், அதைத் தூக்கிப் பிடிக்கும் உயரமான மவுண்டும் கடையில் வாங்கினார். விற்றவர் சொல்லிவிட்ட வசனம்தான் மேலே இருப்பது.

வீட்டுப் பின்வளவில் ஒரு பால்மா ரின்னை வைத்து, எட்டு மீற்றரில் நின்று சுட்டு, ரின்னின் நடுவில் படும்வரை ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தார். "சரியாப் பிடிச்சிட்டன்" என்று சந்தோசப்பட்டார். அடுத்த நாள் விடிய, தென்னையில் இருந்த குரங்கு ஒன்றின் நெஞ்சுக்குக் குறிவைத்தார். ரவை தாடையில் பட்டது.

அந்தக் குரங்கு செத்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. அது சாகவில்லை. மூன்று நாள் எங்கள் பாடசாலை வேலியோரத்து வேப்ப மரத்தில் வாய் மூடமுடியாமல் இருந்தது. "சேர், அது ஏன் வாயத் திறந்து வச்சிருக்கு?" என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். எங்களிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நாலாம் நாள் அதைக் காணவில்லை.

அவர் கை நடுங்கவில்லை. கண்ணும் பிழையில்லை. பிறகு நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிழை மவுண்டில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், எந்தத் தூரத்துக்குச் சுடப்போகிறோம் என்று தெரியாமல் மவுண்ட் வாங்கியதில் இருந்தது.

இனி கணக்கு.

துவக்கின் குழாய் ஒரு கோடு. ஸ்கோப்பால் பார்க்கும் பார்வை இன்னொரு கோடு. ஸ்கோப் குழாய்க்கு மேலே இருப்பதால் இந்த இரண்டு கோடும் ஒன்றல்ல. ரவை கீழே இருந்து புறப்பட்டு மேலே ஏறி, பார்வைக் கோட்டைச் சந்தித்து, பிறகு ஈர்ப்பினால் விழத் தொடங்குகிறது. அந்தச் சந்திப்பு எங்கே நடக்கவேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்வது என்றால் அதுதான். மவுண்ட் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்குக் குழாய் அண்ணாந்து பார்த்தால்தான் இரண்டு கோடும் சந்திக்கும்.

சாதாரண ஸ்பிரிங் எயார் ரைபிள் ஒன்றின் ரவை செக்கனுக்கு ஏறத்தாழ 180 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைப்போம். அந்த வாப்பாவின் மவுண்டில், குழாயின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்கு 7 சென்ரிமீற்றர். எட்டு மீற்றரில் சந்திக்கவைத்தார். எட்டு மீற்றருக்குள் 7 சென்ரிமீற்றர் ஏறவேண்டுமென்றால் ரவை செங்குத்தாக ஏறவேண்டும். ஏறிய வேகத்தில் அது எட்டு மீற்றரோடு நிற்குமா? நிற்காது. 20 மீற்றரில் குறிக்கு மேலே 6 சென்ரிமீற்றரில் போகிறது. 30 மீற்றரில் மேலே 7 சென்ரிமீற்றருக்கும் கொஞ்சம் கூட. குரங்கின் நெஞ்சுக்கும் தாடைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நினைத்துப் பாருங்கள்.

அதே துவக்கு, அதே கை, அதே எட்டு மீற்றர் ரின். மவுண்ட் மட்டும் தாழ்ந்தது, நடுவுக்கு நடு நாலரை சென்ரிமீற்றர். அப்போது 20 மீற்றரில் இரண்டரை சென்ரிமீற்றர்தான் மேலே போகும். 30 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை.

எட்டு மீற்றரில் சரிசெய்ததும் பிழைதான். ஆனால் அந்தப் பிழையை இரண்டு மடங்குக்கும் மேலே பெருக்கியது மவுண்டின் உயரம். ஏன் அவ்வளவு உயரம்? ஸ்கோப்பின் முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர். அவ்வளவு பெரிய கண்ணாடி குழாயில் முட்டாமல் இருக்க உயரமான மவுண்ட் வேண்டும். ஏன் 50 மில்லிமீற்றர் கண்ணாடி? வீடியோவில் அப்படித்தான் இருந்தது. வீடியோவில் இருந்தவர் எங்கே சுடுகிறார்? வெளிநாட்டு மலையடிவாரத்தில், அரைக் கிலோமீற்றர் தள்ளி. எங்கள் மனிதர் எங்கே சுடுகிறார்? சொந்த வளவில், சொந்தத் தென்னைக்கு.

இதுதான் எங்கள் கோபம். தூரம் அவர்களுடையது. மவுண்ட் அவர்களுடையது. காயம் மட்டும் எங்கள் வேப்ப மரத்தில்.

அடுத்தது, "சரிவு மவுண்ட்". பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, ஸ்கோப் முன்னே குனிந்தாற்போல இருக்கும். கடையில் "இருபது எம்.ஓ.ஏ." என்பார்கள். எம்.ஓ.ஏ. என்றால் பயந்துவிடாதீர்கள். பாடசாலையில் படித்த கலைதான் அது. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை என்பது 100 மீற்றரில் ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றர் அகலம். இருபது கலை என்றால் 100 மீற்றரில் 58 சென்ரிமீற்றர், 20 மீற்றரில் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

"இது நீண்ட தூரத்துக்கு" என்று சொல்லி விற்கிறார்கள். யாருடைய நீண்ட தூரம்? செக்கனுக்கு 850 மீற்றர் போகும் வேட்டை ரைபிளுடைய நீண்ட தூரம். அந்த ரவை 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.12 செக்கன் எடுக்கும். நம் எயார் ரைபிள் ரவையும் 0.12 செக்கன் எடுக்கிறது, 20 மீற்றரைக் கடக்க! விழுவது நேரத்தைப் பொறுத்தது. ஒரே நேரம் என்றால் ஒரே அளவுதான் விழும், ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். அதாவது எங்கள் 20 மீற்றர் அவர்களுடைய 100 மீற்றர். எங்கள் 40 மீற்றர் அவர்களுடைய 200 மீற்றர்.

அதே 7 சென்ரிமீற்றரை அவர்கள் 100 மீற்றரில் ஈடுசெய்கிறார்கள், நாம் 20 மீற்றரில் ஈடுசெய்யவேண்டும். கோணம் எங்களுக்குத்தான் கூட. மவுண்ட் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கு 100 மீற்றருக்கு நாலு கலை போதும். எங்களுக்கு வெறும் 20 மீற்றருக்கே 19 கலை வேண்டியிருக்கிறது. வேட்டை ரைபிளில் 600 மீற்றருக்கும் அப்பால் போகிறவர்கள் பூட்டும் சரிவு மவுண்ட், எயார் ரைபிளில் 20 மீற்றரைப் பிடிப்பதற்கே செலவாகிவிடுகிறது!

அதனால் சரிவு மவுண்ட் கூடாது என்று சொல்லவில்லை. மடித்து ரவை போடும் எயார் ரைபிள்களில் பல, குழாய் கொஞ்சம் தலைகுனிந்தே வருகின்றன. திருகியை முடிவுவரை மேலே திருகினாலும் 20 மீற்றரில் கீழேயே பட்டால், அந்தத் துவக்குக்குச் சரிவு மவுண்ட்தான் மருந்து. ஆனால் அது குனிந்த குழாயை நிமிர்த்துகிற மருந்து. நூறு மீற்றருக்குக் கொண்டுபோகிற மந்திரம் இல்லை. நூறு மீற்றரில் இந்த ரவை இரண்டு மீற்றருக்கு மேல் விழுந்திருக்கும். மெல்லிய காற்று பக்கவாட்டில் எவ்வளவு தள்ளும் என்பதை, சோளகம் அடிக்கும் மாதங்களில் மன்னார்ப் பாலத்தில் மோட்டார்சைக்கிள் ஓடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"இவ்வளவு கணக்குப் பார்த்துத்தான் குரங்கு விரட்டவேண்டுமா சேர்?" என்று கேட்பீர்கள். கணக்கை நாங்கள் பார்த்துவிட்டோம். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு கயிறு.

நாங்கள் அதைச் செய்துபார்த்தோம். அந்த வாப்பாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு அவருடைய வளவுக்கே போனோம். "தென்னைக்கு எவ்வளவு தூரம் நானா?" என்று கேட்டோம். ஒருவர் நாற்பது மீற்றர் என்றார். ஒருவர் ஐம்பது என்றார். கயிறு பிடித்தோம். இருபத்திமூன்று! வயலின் இந்த வரம்பிலிருந்து பன்றி வரும் மூலைக்கு "நூறு இருக்கும்" என்றார்கள். நாற்பத்தொன்று. ஆளுக்கொரு தூரம் சொன்னார்களே தவிர, ஒருவரும் கிட்டவும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் பிழையாகத்தான் நினைத்தோம். கண் தூரத்தை அளக்காது, பயத்தை அளக்கும். பயிர் போகிற கவலையில் எல்லாம் தூரமாகத்தான் தெரியும்.

அளந்தபிறகு மவுண்ட் தெரிவு தானாக வந்துவிடுகிறது. வளவுக்குள் 15 முதல் 30 மீற்றர்தான் தூரம் என்றால் பெரிய கண்ணாடி வேண்டாம். 32 மில்லிமீற்றர் கண்ணாடி தாராளம். கண்ணாடி சிறிதென்றால் மவுண்ட் தாழும். மவுண்ட் தாழ்ந்தால் கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும். உயரமான மவுண்டில் கன்னம் அந்தரத்தில். ஒவ்வொரு தடவையும் கண் ஒவ்வொரு இடத்தில். வேட்டை ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப்பாக இருந்தால், அதைப் பெரும்பாலும் 100 யார் தூரத்துக்கு ஏற்றாற்போலவே செய்திருப்பார்கள். இருபது மீற்றரில் கண் கொஞ்சம் அசைந்தாலும் குறுக்குக் கோடு குறியில் நகரும். கிட்டத்துத் தூரத்துக்குத் திருகிக்கொள்ளக்கூடிய எயார் ரைபிள் ஸ்கோப்பைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொன்று. ஸ்பிரிங் எயார் ரைபிள் சுடும்போது முதலில் பின்னுக்கு உதைக்கும், உடனே முன்னுக்கும் உதைக்கும். இந்த இரண்டாவது உதைதான் ஸ்கோப்புக்கு எமன். இரண்டு தனி வளையமாக வரும் மவுண்ட் மெல்ல மெல்லப் பின்னுக்கு நழுவும். இன்று நெஞ்சில் பட்டது நாளை வேறெங்கோ படும். ஒரே துண்டாக வரும் மவுண்ட் வாங்குங்கள். அடியில் தடுப்பு ஆணி இருக்கிறதா, அது இறங்க உங்கள் துவக்கில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துவக்கின் மேல் தவாளிப்பு 11 மில்லிமீற்றரா, அகலமான 21 மில்லிமீற்றர்த் தண்டவாளமா என்று பாருங்கள். ஒன்றுக்குச் செய்த மவுண்ட் மற்றதில் இருக்காது. "இறுக்கினால் சரி" என்பவரிடம் வாங்காதீர்கள். குறுக்குக் கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க மேசன்மாரின் தூக்குக்குண்டு போதும். நூலைத் தொங்கவிட்டு, துவக்கைச் சரியாமல் பிடித்து, நூலோடு கோட்டை ஒத்துப்பாருங்கள்.

பிறகு கடதாசியில் ஒரு வட்டம் கீறி, 20 மீற்றரில் வைத்துச் சரிசெய்யுங்கள். எட்டில் அல்ல. தாழ்ந்த மவுண்டில் 20 மீற்றருக்குச் சரிசெய்தால் 10 மீற்றரில் அரைச் சென்ரிமீற்றர் கீழே, 30 மீற்றரில் மூன்று நாலு சென்ரிமீற்றர் கீழே. 40 மீற்றரில் பதினொன்று பன்னிரண்டு. 50 மீற்றரில் கால் மீற்றர். எல்லை எங்கே என்று இந்த இலக்கங்களே சொல்கின்றன. 30 மீற்றருக்கு அப்பால் உங்கள் எயார் ரைபிளுக்கு வேலையில்லை. பன்றி வரும் 41 மீற்றர் மூலைக்கு எந்த மவுண்டும் இல்லை. அதற்கு வேலிதான், வெளிச்சம்தான், ஆள்தான். எயார் ரைபிளால் பன்றியைச் சுடுவது பன்றிக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து.

தென்னை உச்சிக்கு அண்ணாந்து சுடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தவறிய ரவை வானத்தில் நிற்பதில்லை. சில நூறு மீற்றர் தாண்டிப் போய் விழக்கூடியது. பக்கத்து வீட்டு முற்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஸ்கோப் காட்டாது. பின்னால் மண்ணோ மரமோ தடுப்பாக இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

இப்போது எங்களைத் திட்டக் காத்திருப்பவர்களுக்கு.

"பாடசாலை ஆசிரியர்களுக்கு ஏன் துவக்குக் கதை?" துவக்கைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததால்தான். குரங்குப் பிரச்சினைக்கு இந்த நாட்டில் என்னவெல்லாமோ பேசினார்கள். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்து நிமிடம், நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். கமக்காரருக்கு எயார் ரைபிள் கொடுக்கிற கதையும் அடிக்கடி வருகிறது. கொடுப்பவர்களிடம் எங்கள் கேள்வி ஒன்றுதான். துவக்கோடு கயிறும் கொடுப்பீர்களா? அரைநாள் பயிற்சி? 10, 20, 30 மீற்றரில் மூன்று கடதாசி? உரம் கொடுக்கும்போது ஏக்கருக்கு எவ்வளவு என்று சொல்லித்தானே கொடுக்கிறீர்கள்? துவக்குக்கு மட்டும் அளவு வேண்டாமா?

"ஒரு உயிரையும் தொடக்கூடாது" என்று கொழும்பிலிருந்து எழுதுபவர்களுக்கு: வாருங்கள், ஒரு போகம் எங்களோடு காவல் இருங்கள். இருபது வருடம் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பிய மனிதனுக்குக் காணி உறுதி மட்டும் காணாது. அதில் விளைந்தது வீட்டுக்கு வந்தால்தான் அவன் திரும்பி வந்ததாக அர்த்தம்.

"அடிபட்டால் சரி, எங்கே பட்டால் என்ன?" என்று சொல்லும் எங்கள் ஆட்களுக்கு: இது நம் மார்க்கம் இல்லை. விரலிடுக்கில் வைத்துச் சின்னக் கல்லைச் சுண்டி எறிவதை நபியவர்கள் தடுத்த செய்தி நமக்குத் தெரியும். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் தடுக்காது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பதே காரணம். தூரம் தெரியாமல் சுடும் எயார் ரைபிள் ரவைக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன வித்தியாசம்? குர்பானுக்குக் கத்தியைத் தீட்டாமல் அறுப்பவரை நாமே ஏசுகிறோம். அளக்காமல் சுடுவது மழுங்கிய கத்திதான்.

கடைசியாக எங்கள் இளைஞர்களுக்கு. உங்களைத்தான் அதிகம் நினைத்து எழுதுகிறோம். பெரிய ஸ்கோப், உயர்ந்த மவுண்ட், கறுப்புக் கண்ணாடி, பேஸ்புக்கில் படம். குரங்கு விரட்டவா இந்தச் சோடனை? 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் எங்கள் வீடுகள் எப்படிச் சோதனை போடப்பட்டன என்பதை மறந்துவிட்டீர்களா? உடுப்பில் இருந்த ஒரு கப்பல் சக்கரப் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைச் சிறையில் வைத்த நாடு இது. உங்கள் படத்தை யார், எப்படி வாசிப்பார்கள்? நீங்கள் சுடுவது 23 மீற்றர். அந்தப் படம் போகும் தூரத்தை எந்தக் கயிறாலும் அளக்க முடியாது.

பயந்து வாழச் சொல்லவில்லை. அனுமதி தேவையா இல்லையா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். கச்சேரியில் எழுத்தில் கேளுங்கள், பொலிஸில் எழுத்தில் கேளுங்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. மயில் போன்றவற்றில் கைவைக்குமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள். வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கப் போகும்போது துவக்கு வீட்டில் இருக்கட்டும். அது சரணாலயம். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். ஸ்கோப் வாங்கியவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் குறியாகத் தெரியும். அந்த நோய் வரும் முன்னே காத்துக்கொள்ளுங்கள்.

உண்மையாகவே சுடும் திறமை இருக்கிறதா? அதற்கும் வழி இருக்கிறது. நம் நாட்டின் டெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் சுட்டார். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. சின்னத் துளை வழியே பார்த்துத்தான் சுடவேண்டும். இலக்கின் நடுப் புள்ளி அரை மில்லிமீற்றர். உலகத்தின் திறமைசாலிகள் பத்து மீற்றரில் நின்று, ஸ்கோப் இல்லாமல், ஒரு புள்ளிக்காக வருடக்கணக்கில் மூச்சை அடக்கிப் பழகுகிறார்கள். நாமோ பழகாமல், அளக்காமல், நூறு மீற்றர் கேட்கிறோம்.

விற்பவர்களே, உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, வியாபாரம் வேண்டும். சரி. மவுண்ட் கேட்டு வருபவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை மீற்றரில் சுடப்போறீங்க?" அவருக்குத் தெரியாது என்றால், "போய் அளந்துட்டு வாங்க நானா" என்று சொல்லுங்கள். விலை குறைந்த, தாழ்ந்த மவுண்டைத்தான் அவர் திரும்பி வந்து வாங்குவார். இலாபம் கொஞ்சம் குறையும். அந்தக் காசில் பரக்கத் இருக்கும்.

அந்த வாப்பா உயர்ந்த மவுண்டைக் கழற்றிவிட்டார். இப்போது தாழ்ந்த ஒன்று. 20 மீற்றரில் சரிசெய்திருக்கிறார். தென்னையின் அடியிலிருந்து 25 மீற்றரில் ஒரு பனை மட்டையை நட்டு வைத்திருக்கிறார். அதற்கு அப்பால் நின்று அவர் சுடுவதில்லை. பெரும்பாலும் சுடாமலே, தகரம் தட்டி விரட்டுகிறார். குரும்பை இப்போதும் போகிறது, முன்னையைவிடக் குறைவாக. மகள் வகுப்பில் நூறு மீற்றர்க் கதை சொல்வதில்லை. கலை என்றால் என்ன என்று கேட்டால் முதலாவதாகக் கை உயர்த்துகிறாள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, அதே வளவில் கூடுவோம். பத்து மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு எங்களிடம் இருக்கிறது. வருபவர்கள் துவக்குக் கொண்டுவர வேண்டாம். உங்கள் வளவுக்கு எத்தனை மீற்றர் என்று மனதில் நினைத்திருக்கிறீர்களோ, அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அளந்துவிட்டு ஒத்துப்பார்ப்போம்.

வஸ்ஸலாம்.